ஜூனியர் உலகக் கிண்ண ஹாக்கிக்கு நம் சொந்த ரசிகர்கள் ஏன் வரவில்லை?

செந்தூலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "2023 டிசம்பரில் ஜூனியர் உலகக் கிண்ணப் போட்டி நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. தொலைக்காட்சியில் பார்த்தால் ஆட்களை விட நாற்காலிகள்தான் அதிகம் தெரிந்தன. மலேசியா ஆடிய நாள்களில்கூட அரங்கு நிறையவில்லை. நம் மக்களுக்கு ஹாக்கி அலுத்துவிட்டதா? அடுத்த முறை இப்படி ஆகாமல் இருக்க நம்மைப் போன்ற சாதாரண ஆள்கள் ஏதாவது செய்ய முடியுமா?"

அலுத்துவிட்டது என்று நான் நம்பவில்லை. மாமாக் கடையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் ஹாக்கி என்று வாயெடுத்துப் பாருங்கள். தே தாரேக் ஆறிப்போகும் வரை பேசுவார். ஆனால் அவர் பேசுவதெல்லாம் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் இருக்கும். இப்போதைய ஜூனியர் அணியில் ஒரு பையன் பெயரைச் சொல்லுங்கள் என்றால் திணறிவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. அந்தப் பையன்களை அவருக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. முகம் தெரியாத பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க, வேலை முடிந்த அலுப்போடு யாரும் போட்டி நடந்த புக்கிட் ஜாலில் வரை போகமாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை காரணம் இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பக்கத் துணைகள்.

முதலில் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்த காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஹாக்கி அரங்குகளில் முக்கியக் கேமரா, கூரை போட்ட பெரிய பார்வையாளர் மாடத்தின் உச்சியில்தான் இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் பயந்து வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கூரையின் கீழேதான், அதாவது கேமராவுக்குக் கீழேதான், உட்காருவார்கள். திரையில் விழுவதோ எதிர்ப்பக்கம். ஆகவே வந்தவர்களும் கண்ணில் படமாட்டார்கள். இன்னொன்று, புக்கிட் ஜாலில் தேசிய ஹாக்கி அரங்கில் சுமார் 12,000 பேர் உட்காரலாம். 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டியது. ஆயிரம் பேர் வந்தால் ஒரு கிளப் மைதானத்தில் அது திருவிழாக் கூட்டம். அதே ஆயிரம் பேர் அங்கே சிதறி உட்கார்ந்தால் ஆளில்லாத வீடு மாதிரிதான் இருக்கும். இதையெல்லாம் கழித்த பிறகும் கூட்டம் குறைவுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து எல்லாரும் சொல்லும் காரணங்கள்: தூரம், மழை, போக்குவரத்து நெரிசல். இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹாக்கி அரங்குக்குப் பக்கத்திலேயே தேசிய அரங்கம் இருக்கிறது. நம் தேசியக் கால்பந்து அணியான ஹரிமாவ் மலாயா ஆடும் பெரிய ஆட்டங்களுக்கு அங்கே பல்லாயிரக்கணக்கில் திரள்கிறார்கள். அதே வளாகத்தில் முன்பு ஆக்சியாத்தா அரேனா என்றிருந்த யூனிஃபை அரேனா. மலேசிய பொது பூப்பந்துப் போட்டிக்கு அங்கே டிக்கெட் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. மூன்றுக்கும் ஒரே எல்.ஆர்.டி. நிலையம்தான், சாலை நெரிசலும் ஒன்றுதான். பூப்பந்து வீரர் லீ ஸி ஜியா ஆடுகிறார் என்றால் இடி மின்னலிலும் போகிறவர்கள், ஹாக்கி என்றதும் தூரத்தைக் காரணம் காட்டுகிறார்கள் என்றால், தடை சாலையில் இல்லை.

ஆனால் தேதியை நான் குறை சொல்வேன். முன்பெல்லாம் நம் நாட்டில் டிசம்பர் என்றால் பள்ளி விடுமுறை. பெருந்தொற்றுக்குப் பிறகு கல்வியாண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போனதால், 2023-இல் டிசம்பர் நடுப்பகுதி வரை பள்ளிகள் நடந்தன. போட்டி நடந்தது டிசம்பர் 5 முதல் 16 வரை. விடுமுறை தொடங்கும்போது இறுதி ஆட்டம். ஜூனியர் போட்டிக்கு இயல்பான ரசிகர்கள் யார்? பள்ளி அணிகளில் ஆடும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். மறுநாள் காலை ஆறரைக்குப் பள்ளி வேன் ஏற வேண்டிய பிள்ளையை எந்தத் தாய் இரவு ஆட்டத்துக்கு அனுப்புவாள்?

போட்டியின் அமைப்பும் நமக்கு உதவவில்லை. பதினாறு அணிகள், நான்கு பிரிவுகள். மலேசியா இருந்த பிரிவில் அப்போதைய நடப்பு வெற்றியாளர் அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, சிலி. காலிறுதிக்கு முதல் இரண்டு அணிகள்தான் போகலாம். அர்ஜென்டினாவும் ஆஸ்திரேலியாவும் போயின. அப்படி வெளியேறும் அணி வீட்டுக்குப் போய்விடாது. ஒன்பதாம் இடத்திலிருந்து பதினாறாம் இடம் வரை முடிவு செய்யும் ஆட்டங்கள் உண்டு. பொதுவாக அவற்றைக் கூட்டம் வராத நேரங்களில்தான் வைப்பார்கள், ஏனென்றால் நல்ல நேரம் காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் போய்விடும். ஆக, இரண்டாவது வாரத்தில் உள்ளூர் ரசிகனுக்கு வருவதற்குக் காரணமும் இல்லை, வசதியான நேரமும் இல்லை. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி 2-1 என்று பிரான்ஸை வென்றது. இரண்டு ஐரோப்பிய அணிகள் மோதும் ஆட்டத்துக்கு, ஹாக்கியை ஹாக்கிக்காகவே நேசிக்கிறவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ஹாக்கிக்கு ரசிகர்கள் எப்படி உருவானார்கள் என்று பார்த்தால்தான், இப்போது ஏன் உருவாகவில்லை என்பது விளங்கும்.

1975 மார்ச்சில் உலகக் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. நம் அணித் தலைவர் என். ஸ்ரீ சண்முகநாதன். அரையிறுதியில் மலேசியா இந்தியாவை 2-1 என்று முந்திக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் வாய்ப்பில், கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடிக்க, இந்தியா 3-2 என்று தப்பித்தது. பிறகு மார்ச் 15-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது. நமக்கு நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் அதற்கு மேலே இன்றுவரை நாம் ஏறியதில்லை. அந்த அரையிறுதியைப் பற்றி இன்றும் கண் கலங்கப் பேசுகிறவர்களை நான் அறிவேன்.

அந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அக்காலத்து ஆட்டக்காரர்களுக்கு ஹாக்கி சம்பளம் போடவில்லை. போலீஸில், இராணுவத்தில், மின்சார வாரியத்தில், ரயில்வேயில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். மாலை ஐந்து மணிக்குமேல் மட்டையைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வந்தார்கள். திடலுக்கு வேலி கிடையாது. செந்தூலில் ரயில்வே பட்டறை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர் ஒரு காலை ஊன்றி நின்று பார்ப்பார். தோட்டங்களில் பால்மரம் வெட்டிவிட்டு மதியத் தூக்கம் போட்டு எழுந்தவர்கள், பள்ளிக்கூடத் திடலில் பையன்கள் ஆடுவதைப் பார்க்க வருவார்கள். 'அது யாரு, கங்காணி மகன்தானே?' 'ஆமா, இப்ப போலீஸ்ல ஆடுறான்.' பார்வையாளர்கள் இப்படித்தான் கிடைத்தார்கள். டிக்கெட் வாங்கி ரசிகரானவர்கள் குறைவு. வழியில் நின்று பார்த்து, ஆடுகிறவனைப் பெயரோடு அறிந்து, அவன் நாட்டுக்கு ஆடப் போனபோது பின்னாலேயே மெர்டேக்கா அரங்கம் வரை போனவர்கள்தான் அதிகம்.

1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதல் முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. அதற்குப் பிறகு உலகத் தரத்தில் ஆட வேண்டும் என்றால் செயற்கைத் தரையில் பழகியே ஆக வேண்டும் என்றானது. ஆட்டம் வேகமானது, அழகானது. அதை நான் மறுக்கவில்லை. இன்றைய ஹாக்கியில் பந்து கோட்டிலிருந்து கோட்டுக்குப் பறக்கும் வேகம் புல் திடலில் கனவிலும் கிடையாது. ஆனால் அந்தத் தரையைப் போடவும், தண்ணீர் பாய்ச்சி ஈரமாக வைத்திருக்கவும் பெரும் பணம் வேண்டும். அதனால் தரைக்கு வேலி வந்தது, வாசல் வந்தது, முன்பதிவு வந்தது. ஹாக்கி ஊருக்கு நடுவிலிருந்து அரங்குக்குள் போய்விட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்ததும் கிட்டத்தட்ட அதே காலம்தான். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனைக்கு ஹாக்கி ஆடும் அளவுக்குத் திடல் இருக்கிறது என்று உங்கள் பகுதிப் பள்ளியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிமெண்டு தரையில் ஐந்துக்கு ஐந்து என்று ஆடவைத்துப் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லித் தரும் ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இப்போது ஒரு திறமையான பையன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கண்ணில் பட்டால் என்ன ஆகிறது? விளையாட்டுப் பள்ளிக்குப் போகிறான். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி அல்லது ஜொகூரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி. தங்கும் விடுதி, முறையான பயிற்சி, சத்தான சாப்பாடு, நல்ல தரை. பையனுக்கு நல்லதுதான். அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் நம் ஜூனியர் அணி இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் அவன் ஊரைவிட்டுப் போகிறான். சிரம்பான் பையன் சிரம்பானில் ஆடுவதில்லை, கிள்ளான் பையன் கிள்ளானில் ஆடுவதில்லை. தேசிய ஜூனியர் லீக்கில் பல அணிகள் பள்ளி அணிகள், மாநிலப் பயிற்சித் திட்ட அணிகள். விடுதியிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, ஆடி, பேருந்தில் ஏறிப்போகிறார்கள். எந்த ஊரும் அவர்களைத் தன் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. பிறகு அவர்களுக்குத் தேசியச் சட்டையைப் போட்டுவிட்டு, ஊரே வந்து கைதட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஒரு ஜூனியர் போட்டியின்போது நடந்ததைச் சொல்கிறேன். மலேசிய அணியின் முன்வரிசையில் ஒரு பையன் இடப்பக்கத்திலிருந்து மூன்று பேரைத் தாண்டி வட்டத்துக்குள் பந்தைக் கொண்டுவந்தான். என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்று கைதட்டிவிட்டு, 'யாரு சார் அது?' என்றார். எனக்கும் சட்டை எண் மட்டும்தான் தெரிந்தது. வாசலில் அணிப் பட்டியல் தாள் தரவில்லை. ஒலிபெருக்கி கோல் போட்டவர் பெயரை மட்டும் சொல்லும். எங்களுக்கு நான்கு வரிசை கீழே ஓர் அம்மா, மடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு, மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் ஓயவேயில்லை. பக்கத்தில் அவர் உறவுக்காரர்கள் இருபது பேர் இருப்பார்கள். அரங்கிலேயே அந்த மூலையில்தான் சத்தம். இடைவேளையில் நான் கீழே போய் அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் நாலைந்து பையன்களின் பெயரையும் ஊரையும் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு ஆட்டத்தை நான் பார்த்த விதமே மாறிவிட்டது. ஒரு சிறு தாளில் பதினெட்டுப் பெயர்களும் பதினெட்டு ஊர்களும் அச்சிட்டு வாசலில் கொடுத்திருந்தால், அன்று வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த ஆட்டத்துக்கும் வந்திருப்பார்கள்.

ஜூனியர் ஆட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. வயது வரம்பு 21. 2023 போட்டியில் ஆட 2002 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். ஒரு போட்டியில் நமக்குப் பழக்கமாகும் முகங்கள் அடுத்த போட்டிக்குள் பெரும்பாலும் வயது தாண்டிவிடும். ஒவ்வொரு முறையும் புது அணி, புது அறிமுகம். அறிமுகம் செய்துவைக்க ஆளில்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ரசிகன் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த வயது வரம்புக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மலேசியா ஒலிம்பிக் ஹாக்கியில் கடைசியாக ஆடியது 2000 சிட்னியில். அப்படியானால் 2023 ஜூனியர் அணியில் ஒரு பையன்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. அவர்களுடைய வகுப்புத் தோழர்களும்தான். ஒரு தலைமுறை முழுக்க ஒலிம்பிக்கில் மலேசிய ஹாக்கி அணியைப் பார்க்காமலே வளர்ந்திருக்கிறது. 2018 ஆசிய விளையாட்டுகளில் அரையிறுதியில் இந்தியாவை ஷூட்-அவுட்டில், அதாவது ஆட்டக்காரர் ஒவ்வொருவராகக் கோல் காவலரைத் தனியாக எதிர்கொள்ளும் முறையில், வீழ்த்தினோம், கோல் காவலர் எஸ். குமார் சுவராக நின்றார். இறுதியில் ஜப்பானிடம் 6-6 சமநிலைக்குப் பிறகு ஷூட்-அவுட்டிலேயே தோற்று வெள்ளியோடு திரும்பினோம். அதில் வென்றிருந்தால் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடி நுழைவு. அந்த ஒரு தங்கம் கிடைத்திருந்தால் இன்று எத்தனை பிள்ளைகள் மட்டை பிடித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு வலிக்கிறது.

ஜூனியர் ஆட்டத்துக்குக் கூட்டமே வராது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கனடாவைப் பாருங்கள், அங்கே ஐஸ் ஹாக்கி. உலக ஜூனியர் போட்டி ஆண்டுதோறும் டிசம்பர் 26-இல் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பமே தொலைக்காட்சி முன்னால் உட்காருவது அங்கே வழக்கம். 1991-இலிருந்து டி.எஸ்.என். என்ற விளையாட்டு அலைவரிசை விடாமல் ஒளிபரப்பி அந்தப் பழக்கத்தை வளர்த்தது. அதைவிட முக்கியமானது, அவர்களுடைய ஜூனியர் லீக்குகளில் ஏறத்தாழ 60 அணிகள், சின்னச் சின்ன ஊர்களிலும். பையன் விடுதியில் ஒளிந்திருப்பதில்லை, ஓர் ஊரின் சட்டையைப் போட்டு ஆண்டு முழுக்க அந்த ஊர்க்காரர்கள் முன்னால் ஆடுகிறான். நாட்டுக்கு ஆடும்போது அந்த ஊர் முழுக்க அவன் பின்னால் நிற்கிறது. அப்படிப்பட்ட கனடாவிலேயே கூட்டம் வராத முறைகளும் உண்டு. மொன்றியலில் டிக்கெட் விலை எகிறியபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. பெருந்தொற்றால் நின்றுபோன போட்டியை 2022 ஆகஸ்டில் எட்மண்டனில் மறுபடி நடத்தினார்கள். கோடைக்காலம், போதாததற்கு அப்போது கனடா ஹாக்கி நிர்வாகத்தின்மேல் மக்களுக்குக் கடும் கோபம். கனடா ஃபின்லாந்தைக் கூடுதல் நேரத்தில் வென்று பட்டம் வாங்கிய போட்டி அது. அதிலும் பல ஆட்டங்கள் வெற்று நாற்காலிகளுக்கு முன்னால்தான் நடந்தன. பாசம் இருந்தாலும் காலமும் விலையும் நம்பிக்கையும் கெட்டால் கூட்டம் வராது. நம் விஷயத்தில் பாசத்துக்கே இன்னும் வழி செய்யவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தமிழ்நாடு. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை அடுத்த ஜூனியர் உலகக் கிண்ணம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதல் முறையாக 24 அணிகள். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் பழைய அரங்கம். மதுரையில் புதிதாகவே கட்டினார்கள். ரசிகர்களுக்கு அனுமதி இலவசம். இலவசம் என்பதால் மட்டும் கூட்டம் வந்தது என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். நம் ஊரில் பள்ளிகளுக்கு இலவசமாகக் கட்டுக் கட்டாகக் கொடுத்த டிக்கெட் மேசை இழுப்பறையில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கிண்ணத்தை முன்கூட்டியே மாவட்டம் மாவட்டமாகக் கொண்டு சென்றார்கள். சின்னமாகக் காங்கேயம் காளையை வைத்து, காங்கேயன் என்று பெயரும் சூட்டினார்கள். கோவில்பட்டி மாதிரி, தெருவுக்குத் தெரு மட்டை பிடிக்கும் ஊர்கள் இன்னும் அங்கே உயிரோடு இருக்கின்றன. சென்னையோடு நிறுத்தாமல் மதுரைக்கும் இந்தியாவின் ஆட்டங்களைக் கொடுத்ததால் தென்மாவட்டத்துக்காரர்களுக்கும் அது தங்கள் வீட்டுப் போட்டியாகிவிட்டது. இந்தியா அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்று, அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் வாங்கியது. ஜெர்மனி ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் வென்று மறுபடியும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டது.

நம் ஏற்பாட்டாளர்கள் அடுத்த முறை செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மலேசியாவின் பிரிவு ஆட்டங்களில் குறைந்தது இரண்டையாவது வெள்ளி, சனி இரவுகளில் வைக்க வேண்டும். அணி அறிவித்த அன்றே பதினெட்டுப் பையன்களையும் அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பி, படித்த ஆரம்பப் பள்ளியில் ஒரு காலைச் சபையில் நிறுத்த வேண்டும். செய்தி மலாய், ஆங்கிலப் பத்திரிகைகளோடு நிற்காமல் மக்கள் ஓசை, மலேசிய நண்பன், தமிழ் மலர் வரை வர வேண்டும், மின்னல் எஃப்.எம்மில் ஒரு பையன் பத்து நிமிடம் பேசினால் அவன் அத்தை மாமாக்கள் எல்லாம் கேட்பார்கள். நமக்குச் சொல்ல விஷயமா இல்லை? 2013-இல் டெல்லியில் நடந்த ஜூனியர் உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காம் இடம் பிடித்தது. அந்த அணியின் பயிற்சியாளர் கே. தர்மராஜ். உலகின் முதல் நான்கு ஜூனியர் அணிகளில் ஒன்றாக இருந்தோம் என்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நீங்கள் செய்யக்கூடியது என்று கேட்டீர்கள். போட்டி நாளில் செய்ய வேண்டியதைவிட, போட்டி இல்லாத மாதங்களில் செய்ய வேண்டியதுதான் அதிகம். உங்கள் பிள்ளையின் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடக்கும்போது, மாநில ஜூனியர் அணியில் ஆடும் ஒரு பையனையோ பெண்ணையோ விளையாட்டு நாளுக்கு அழைக்கலாம் என்று முன்மொழியுங்கள். அமைச்சரை அழைப்பதைவிட எளிது, பிள்ளைகளுக்குப் பயனும் அதிகம். ஜூனியர் லீக் ஆட்டங்களுக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். அங்கே நாற்காலியும் கோட்டுக்கு அருகிலேயே இருக்கும், பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது காதில் விழும். இரண்டு ஆட்டம் பார்த்தால் நாலு பெயர் மனதில் நிற்கும். அந்த நாலு பெயர்தான் பிறகு உங்களைப் பெரிய அரங்குக்கு இழுத்து வரும்.

பெரிய போட்டிக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். குடியிருப்பில் நாலு குடும்பம், முடிந்தால் ஒரு வேன். அக்கம்பக்கத்தில் உறுமி மேளக் குழு இருந்தால், அரங்க நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு அழைத்துப் போங்கள். தைப்பூசத்தில் பத்துமலை அதிர அடிக்கும் நம் இளைஞர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்தால், நூறு பேர் ஆயிரம் பேராகக் கேட்பார்கள். ஆட்டம் சாதகமாக இல்லாத நேரத்தில் அந்தச் சத்தம் பத்தொன்பது வயதுப் பையனுக்கு எவ்வளவு தெம்பு தரும் என்பதை, தரையோரம் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த உலகக் கிண்ணம் நம் ஊருக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஜொகூர் சுல்தான் கிண்ணப் போட்டி 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. ஜொகூர் பாரு தாமான் டாயா ஹாக்கி அரங்கில், வழக்கமாக அக்டோபர் வாக்கில் நடக்கும். 2011-இல் தொடங்கியபோது முதல் பட்டத்தை வென்றதே மலேசியாதான். ஆறு அணிகள், எல்லாரும் எல்லாரோடும் ஆடுவார்கள், ஆகவே மலேசியாவின் ஆட்டத்தைக் குறைந்தது ஐந்து முறை பார்க்கலாம். கோலாலம்பூரிலிருந்து என்றால், டி.பி.எஸ். பேருந்து நிலையத்தில் ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்துக்குப் போகும் பேருந்தில் ஏறினால் போதும். வார இறுதி ஆட்டமாகப் பார்த்து, ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்னாலேயே உள்ளே போய்விடுங்கள். கோல் கம்பத்துக்குச் சற்று பக்கவாட்டில் உள்ள வரிசைகளில் உட்கார்ந்தால் பெனால்டி கார்னர் தெளிவாகத் தெரியும். பையன்கள் பயிற்சி செய்யும்போது அணிப் பட்டியலைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணையும் பெயரையும் ஒவ்வொன்றாகப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.